சிறிய வெற்றியும் வெற்றியே

ஒரு வீட்டுக் காட்சியை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். தெருவில் அலைந்து திரிந்த நாயொன்று. யாரோ கல்லால் எறிந்து, யாரோ தடியால் அடித்து விரட்டிய நாய். பிள்ளைகள் அதற்கு ஜிம்மி என்று பெயரிட்டு வளவுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஜிம்மி விறாந்தையில் ஏறாது. கிணற்றடி வாழைகளின் மறைவில், வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கியபடி படுத்திருக்கும். யாராவது விளக்குமாற்றைக் கையில் எடுத்தாலே ஓடிவிடும்.

மூன்று கிழமை சென்றபின், ஒருநாள் மாலை, வீட்டின் இளைய மகன் படியில் அமர்ந்து பாண் துண்டொன்றை நீட்டுகிறான். ஜிம்மி மெல்ல மெல்ல வந்து, கழுத்தை மட்டும் நீட்டி, அதைக் கௌவிக்கொண்டு ஓடுகிறது.

"அம்மா, ஜிம்மி என்ரை கையிலையிருந்து பாண் வாங்கிப் போட்டுது!" என்று கத்தியபடி பிள்ளை குசினிக்கு ஓடுகிறான்.

"நாய் பாண் தின்னுறது ஒரு புதினமே? போய்ப் பாடத்தைப் படி" என்கிறாள் அடுப்படியில் வேலையாய் நின்ற தாய்.

தாய் சொன்னதில் கோபமும் இல்லை, கொடுமையும் இல்லை. அன்றாட அலுப்பு மட்டுமே இருந்தது. எனினும் அந்த ஒரு வசனத்தால் இரண்டு வெற்றிகள் அணைந்துபோயின. ஒன்று, மனிதக் கையை மீண்டும் நம்பத் துணிந்த நாயினுடையது. மற்றது, மூன்று கிழமை பொறுமையோடு காத்திருந்த பிள்ளையினுடையது. இத்தகைய சிறிய வெற்றிகளை ஏன் கவனிக்க வேண்டும், எவ்வாறு கொண்டாட வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

அச்சம் பிடிவாதமன்று

அஞ்சும் நாயை நாம் பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்கிறோம். "சொன்னது கேளாத நாய்" என்கிறோம். உண்மை அதுவன்று. வாலை ஒடுக்குதல், காதுகளைப் பின்னே மடித்தல், தூக்கமின்றியே கொட்டாவி விடுதல், உணவில்லாதபோதும் உதட்டை நக்குதல், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல் ஆகியவை நாயினது அச்சத்தின் மொழியாகும். இவற்றையெல்லாம் காட்டியும் எவரும் விலகாதபோதே பல நாய்கள் உறுமுகின்றன, கடிக்கின்றன.

இவ்வச்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குட்டியின் வாழ்வில் மூன்றாம் கிழமை தொடக்கம் ஏறக்குறையப் பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள காலம் மிக முக்கியமானது. மனிதரையும் ஓசைகளையும் இடங்களையும் அது இயல்பாகப் பழகிக்கொள்வது அப்போதுதான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் நடைபெற்று 1961ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பதினான்கு கிழமை வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு காட்டு விலங்குகள் போல ஒதுங்கின. அன்றியும், நாயின் செவி நம்முடையதிலும் கூர்மையானது. நமக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியே கேட்கும். நாய்க்கோ ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். கோவில் திருவிழாவில் நாம் மகிழ்ந்து கொளுத்தும் சீனவெடி, கட்டிலின் கீழ் நடுங்கும் நாய்க்கு எப்படி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள்.

அச்சத்தை அதட்டி விரட்ட முடியாது. இழுத்துக்கொண்டுபோய் அஞ்சும் பொருளின் முன்னே நிறுத்துவதாலும் அது பெரும்பாலும் கூடுமேயன்றிக் குறையாது. அப்படியானால் வழி என்ன?

ஒரு சிறுவனும் ஒரு முயலும்

1924ஆம் ஆண்டில், அமெரிக்க உளவியலார் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதில் பீற்றர் என்று குறிக்கப்பட்ட சிறுவன், ஆய்வு தொடங்கியபோது இரண்டு வயதும் பத்து மாதமும் நிறைந்தவன். அவனுக்கு முயலைக் கண்டால் பேரச்சம். வெள்ளெலி, உரோம மேலங்கி, இறகு, பஞ்சு ஆகியவற்றுக்கும் அஞ்சினான்.

அம்மையார் அவனை அதட்டவில்லை, "ஆண்பிள்ளை பயப்படலாமா?" என்று கேட்கவுமில்லை. அவன் விரும்பும் உணவைக் கொடுத்து உயரமான நாற்காலியில் அமர்த்தினார். அவன் உண்ணும்போது, கம்பிக் கூட்டில் அடைத்த முயலைத் தொலைவில் வைத்தார். அவன் உண்பதை நிறுத்தாத அளவுக்கே அதனை நெருங்கச் செய்தார். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூரம் குறைந்தது.

அம்மையார் தம் கட்டுரையில் பீற்றரின் முன்னேற்றத்தைப் பதினேழு படிகளாக எழுதி வைத்தார். முதற்படியில், கூட்டிலுள்ள முயல் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அவன் அஞ்சினான். பின்னர் அது பன்னிரண்டு அடி தூரத்தில் இருப்பதைச் சகித்தான். பின்னர் நான்கு அடி. பின்னர் மூன்று அடி. இடையில் ஒரு படியில் அவன் முயலைப் பார்த்துத் துப்பினான், பொருள்களை எறிந்தான்! வேறொருவர் அதைக் குறும்பு என்று கண்டித்திருப்பார். அம்மையாரோ அதையும் ஒரு முன்னேற்றமாகவே கணக்கிட்டார். ஏனெனில் முன்பு அழுதவன், இப்போது எதிர்த்து நிற்கிறான். கடைசிப் படியில், முயல் தன் விரல்களை மெல்லக் கொறிக்க விட்டு அமர்ந்திருந்தான். பஞ்சும் இறகும் மேலங்கியுங்கூட அவனை அதன்பின் அச்சுறுத்தவில்லை.

நான்கு அடியிலிருந்து மூன்று அடிக்கு வந்தமை பெரிய காரியமா என்று நாம் கேட்கலாம். அந்த ஓர் அடியைக் காணும் கண் அம்மையாரிடம் இருந்தபடியால்தான் பதினேழாம் படி கிடைத்தது. அச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் சிகிச்சை முறையைப் பின்னர் விரிவாக வகுத்த ஜோசப் வோல்ப் என்னும் மருத்துவர், அம்மையாரை இத்துறையின் தாய் எனப் போற்றினார். இன்று அஞ்சும் நாய்களைப் பழக்குவோர் பின்பற்றுவதும் அடிப்படையில் இம்முறையையே.

வழுக்கி விழும் நாளும் உண்டு

பீற்றரின் கதையில் மறக்கக்கூடாத பகுதி ஒன்றுண்டு. நாற்காலியும் உணவுமான முறை தொடங்குமுன்பே, அஞ்சாத பிள்ளைகளோடு விளையாட விட்டதால் அவனிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அவ்வேளையில் செங்காய்ச்சல் கண்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் அவன் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தது. அங்கிருந்து திரும்பும்போது, வாடகைக் காரில் ஏறும் வேளையில் பெரிய நாயொன்று அவர்கள் மீது பாய்ந்தது. உடன் வந்த தாதியும் பயந்துவிட்டார். பிள்ளையின் அச்சம் முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிட்டது. அம்மையார் கைவிடவில்லை, முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

அதே 1924ஆம் ஆண்டு செப்டம்பரில், ருஷ்யாவின் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பவ்லோவ் என்னும் அறிஞரின் ஆய்வு நாய்கள் கூடுகளில் அகப்பட்டு, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டன. அதன்பின் சில நாய்கள் கற்றவற்றை மறந்தவை போல் ஆயின. ஒரு நாய், பழகிய ஆய்வாளர் அருகில் அமர்ந்திருந்தால் மட்டுமே முன்போல் நடந்துகொண்டது. பொறுமையான பயிற்சியால் அது தேறியது. ஆனால், பின்னர் ஒருநாள் கதவின் கீழாகச் சிறிது நீரை ஓடவிட்டபோது, பழைய கலக்கம் மீண்டும் வந்துவிட்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், பின்வாங்கல் தோல்வியன்று; அது அச்சத்தின் இயல்பே. இன்னுமொன்று: அஞ்சும் உயிருக்கு அறிவுரையிலும், அருகில் அமைதியாக ஒருவர் அமர்ந்திருப்பதே பெரிய மருந்தாகும்.

ஏன் கொண்டாட வேண்டும்?

அமெரிக்க அறிஞர் கார்ல் வைக் 1984ஆம் ஆண்டில் "சிறு வெற்றிகள்" பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிரச்சினை மிகப் பெரிதாகத் தோன்றும்போது மனிதர் கலங்கிச் செயலற்றுப் போகின்றனர். அதையே கைக்கடங்கிய சிறு காரியங்களாகப் பிரித்து ஒன்றை முடித்தால், அடுத்ததற்கான துணிவும் துணையும் கிடைக்கின்றன என்பது அவரது கருத்து. பின்னர் தெரேசா அமபிலி, ஸ்டீவன் கிராமர் என்னும் இருவர், ஏழு நிறுவனங்களைச் சேர்ந்த 238 ஊழியர்கள் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். மனிதருக்கு நல்ல நாளாக அமைந்தவற்றுள் பெரும்பாலானவை, தம் வேலையில் ஓரளவேனும் முன்னேற்றம் கண்ட நாட்களே என்பது அவர்கள் கண்ட முடிவாகும். அந்த முன்னேற்றம் பெரிதாயிருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே சிறு வெற்றியைக் கொண்டாடுவது வெறும் புகழ்ச்சியன்று. "நீ நகர்ந்திருக்கிறாய்" என்று நகர்ந்தவருக்கே எடுத்துக்காட்டும் செயலாகும். பெரும்பாலும் தாம் முன்னேறியது முன்னேறியவருக்கே தெரிவதில்லை.

எவ்வாறு கொண்டாடுவது?

1. உடனே செய்யுங்கள். நாய் துணிந்து ஓர் அடி வைத்த அக்கணமே அதற்கு விருப்பமான உணவைக் கொடுக்க வேண்டும். அரை மணி கழித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்ததென்று அதற்குத் தெரியாது. பிள்ளைக்கும் அன்றைய சொல் அன்றே வேண்டும்.

2. அமைதியாகச் செய்யுங்கள். அஞ்சும் நாயின் முன் கைதட்டி ஆரவாரித்தால் அது மீண்டும் வாழை மறைவுக்கே ஓடிவிடும். கூச்சமுள்ள பிள்ளையும் அப்படியே. வந்த விருந்தினர் முன் நிறுத்தி, "இவன் இப்ப இருட்டுக்குப் பயப்பிடுறதில்லை" என்று சொல்வது கொண்டாட்டமன்று. பழைய அச்சத்தை அரங்கேற்றுவதாகும்.

3. கண்டதைச் சொல்லுங்கள். "கெட்டிக்காரன்" என்பது பொதுச் சொல். "இண்டைக்கு மூன்று வரி நிப்பாட்டாமல் வாசிச்சாய்" என்பது, நீங்கள் உண்மையாகவே கேட்டிருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி.

4. உடனே அடுத்ததைக் கேளாதீர்கள். "நல்லது, நாளைக்கு ஐந்து வரி வாசி" என்றால் மூன்று வரியின் மகிழ்ச்சி கடனாக மாறிவிடும். இன்றைய வெற்றியை இன்றைக்கு முழுமையாக விட்டுவிடுங்கள்.

5. ஒப்பிடாதீர்கள். பீற்றரின் அளவுகோல் நேற்றைய பீற்றரே. பக்கத்து வீட்டுப் பிள்ளை அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தெருநாயை வீட்டில் சேர்ப்போர் விசர்நோய்த் தடுப்பூசியை முதலில் போடுவித்தல் அவசியம். அஞ்சும் நாயின் அருகே சிறு பிள்ளைகளைத் தனியே விடலாகாது. கடியோ கீறலோ நேர்ந்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நம் இல்லங்களில்

நம் வீடுகளில் பரீட்சைப் பெறுபேறும் வேலை நியமனமும் கல்யாணமும் கொண்டாடப்படுகின்றன. அது நல்லதே. ஆனால் அவை வாழ்வில் சில நாட்கள் மட்டும். ஏனைய நாட்களில் நிகழ்பவை யாவை? திக்கித் திக்கிப் பேசும் மகள் கடைக்காரரிடம் தானே கேட்டுச் சீனி வாங்கி வருகிறாள். பாரிசவாதத்தால் விழுந்த அப்பு கட்டிலிலிருந்து தானே எழுந்து கதிரை வரை நடக்கிறார். குடியை விட முயலும் தகப்பன் ஒரு சம்பள நாளன்று நேரே வீட்டுக்கு வருகிறான். கோவிலில் வாசகம் வாசிக்க அஞ்சிய இளைஞன், குரல் நடுங்கியபடியேனும் வாசித்து முடிக்கிறான்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஆயினும் திடீரென்று வெடியோசை கேட்டால் இன்றும் உடல் குலுங்குவோர் நம்மிடையே உள்ளனர். வீட்டில் ஒருவர் திருவிழாவன்று வெடி முடியும்வரை உள்ளறையில் இருந்துவிட்டு, இவ்வருடம் முதன்முறையாக விறாந்தை வரை வந்து நின்றால், அது எத்தனை பெரிய நடை என்பதை அறிந்தவர் அறிவர். "இன்னுமா பயம்?" என்று கேளாமல், பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். அதுவே போதிய கொண்டாட்டம். அச்சம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமளவுக்கு இருந்தால், மருத்துவ உதவி நாடுவதும் ஒரு வெற்றியே, வெட்கமன்று.

அந்தத் தாயிடம் மீண்டும் செல்வோம். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து, "எங்கை, எனக்கும் ஒருக்கால் காட்டு" என்று கேட்டிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம் செல்லும். ஜிம்மி ஒருவேளை அப்போது வந்திராது. வாழை மறைவிலிருந்து எட்டிப் பார்த்திருக்கும். ஆனால் தாய் வந்து பார்த்தாள் என்பதை அந்தப் பிள்ளை நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பான். நாளை தான் ஏதேனும் ஒன்றுக்கு அஞ்சும்போது, அதைச் சொல்ல ஓடி வரும் இடமும் அந்தக் குசினியாகவே இருக்கும்.

வீட்டில் கலந்து பேச:

1. கடந்த கிழமை நம் வீட்டில் ஒருவர் அச்சத்தை வென்று செய்த சிறு செயல் எது? அதை யார் கவனித்தோம்?

2. "இது ஒரு புதினமே?" என்று நாம் தட்டிவிட்ட வெற்றி ஏதும் உண்டா? அதை இன்று எவ்வாறு திருத்தலாம்?

3. நம்மில் ஒவ்வொருவரும் எந்த "ஓர் அடியை" நெருங்க முயன்றுகொண்டிருக்கிறோம்? அதற்கு மற்றவர்கள் எவ்வாறு பக்கத்துணையாக இருக்கலாம்?