பிரண்டைத் துவையலும் ஸ்டீராய்டு மாத்திரையும்

கை கால் முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உள்ள மீஞ்சூர்ப் பக்கத்தில், பிரண்டை எலும்பைக் கூட்டும் என்றால் மறுப்பார் இல்லை. ஆனால் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு விழுங்கி எலும்பு தேய்ந்தவருக்கும் அது உதவுமா? உதவக்கூடும் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்த நியாயமே இல்லை. இதுதான் என் முடிவு.

பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகள் எலும்பைக் கட்டும் செல்களை மடியவைக்கின்றன. உணவிலுள்ள கால்சியம் உடம்பில் சேருவதைக் குறைத்து, சிறுநீரில் அதிகம் வெளியேற்றுகின்றன. காசி இந்து பல்கலைக்கழகத்தின் பிரசாத்தும் உடுப்பாவும் 1963இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்வியை நேராகவே தொட்டது. கார்டிசோன் கொடுத்த விலங்குகளின் எலும்பு முறிவு ஆறுவதற்குப் பிரண்டைச் சாறு துணைசெய்ததாக அவர்கள் கண்டார்கள். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனமும், முருங்கைக்கீரை உள்ளிட்ட பல தாவரங்களில் இருக்கும் கேம்ஃபெரால் என்ற சேர்மம், ஸ்டீராய்டு கொடுத்த எலிகளின் எலும்பிழப்பைத் தடுத்ததாக 2018இல் எழுதியது.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்குமா என்று கேட்பது சரிதான். எலி ஆய்வு, மனிதரிடம் சோதித்துப் பார்க்கக் காரணம் தருகிறது. மருந்துச் சீட்டு எழுதித் தருவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தின்றோமே என்பார்கள். முன்னோர் காலத்தில் எலும்பு முறிவு இருந்தது, ஸ்டீராய்டு மாத்திரை இல்லை. தவிர, ஆய்வகத்தில் கொடுப்பது செறிவான சாறு. நாம் உண்பதோ, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணு வெட்டி நாருரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்த ஒரு கரண்டித் துவையல். கால்சியம் ஆக்சலேட் படிகங்களால் கையும் வாயும் தொண்டையும் அரிக்காமல் இருக்கத்தான் இத்தனை பக்குவமும்.

ஆகவே துவையலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றியும் அவரிடம் பேசுங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி நீடித்தால் தைலம் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். பிரண்டைப் பொடி, மாத்திரை எதை வாங்கினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.