எனக்கு முன்னரே வீட்டுக்கு வரும் செய்தி

வேலை முடிந்து நான் வற்றாப்பளைக்கு வந்துசேர மாலை ஐந்தரை ஆகிவிடும். பிள்ளைகள் இரண்டு மணிக்கே வீட்டில் நிற்பார்கள். இடையில் உள்ள அந்த மூன்றரை மணித்தியாலத்தில்தான் நாட்டில் நடக்கிற எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்கிறது. மாமியின் போனில் ஒரு குரல்பதிவு, மகளின் போனில் ஒரு வீடியோ, பக்கத்து வீட்டு வேலியால் ஒரு தகவல். நான் செருப்பைக் கழற்றும்போது எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், பாதி பிழையாக.

இதை நான் உணர்ந்தது 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் நாட்களில். நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். வெள்ளம் என்றால் எங்களுக்கு லீவு இல்லை, இடம்பெயர்ந்தவர்களின் பதிவு, சமைத்த உணவு, பாய், பெட்சீற் என்று இரவும் அலுவலகத்திலேயே போய்விடும். என் கணவர் வயல் வரம்பு பார்க்கப் போயிருந்தார். போன் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் சின்னவனின் குரல் எனக்குக் கேட்டது. "அம்மா, குளம் உடைச்சிட்டுதாம். நாங்கள் எங்க ஓடுறது?"

எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் குளமும் உடையவில்லை. யாரோ அனுப்பிய குரல்பதிவில் எந்தக் குளம், எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் என் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த இரண்டு மணித்தியாலமும் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் அப்பம்மாவின் மருந்துப் பையையும் பொலித்தீனில் சுற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறான். மறுநாள் அந்த மூட்டையை அவிழ்த்தபோது, மருந்துச் சீட்டைத் தனியாக இன்னொரு சின்னப் பொலித்தீனில் மடித்து வைத்திருந்ததைக் கண்டேன். நான் அழுதது அப்போதுதான்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சிலதை மாற்றினோம். ஓட வேண்டி வந்தால் எந்த வீட்டுக்குப் போவது, மாமியை யார் பிடித்துக்கொள்வது என்பதை மழைக்கு முன்னரே பேசிவிடுகிறோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் விதானையாரின் இலக்கத்தையும் குசினிக் கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறோம். இடமும் நேரமும் சொன்னவர் பெயரும் இல்லாத குரல்பதிவை யாருக்கும் அனுப்புவதில்லை. இந்தக் கடைசி விஷயத்தில் பிள்ளைகளைவிட மாமியைப் பழக்கத்தான் நாள் எடுத்தது. "ஆருக்காவது உதவுமெண்டு தானே பிள்ளை அனுப்பினனான்" என்பார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. ஷெல் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடிய தலைமுறைக்கு, தகவலைக் கடத்துவதுதான் உயிரைக் காப்பது.

வெள்ளம் புகுந்த வீடுகளைத் துப்புரவாக்க 25,000 ரூபா என்ற அறிவிப்பு வந்தபோதும் அப்படித்தான். செய்தி வந்த அன்று பின்னேரமே என் படலையில் ஆட்கள். செய்தி வருவது ஒரு நாள். சுற்றறிக்கை வருவது இன்னொரு நாள். விபரம் எடுத்து, சரிபார்த்து, காசு கையில் கிடைப்பது வேறொரு நாள். இதை அக்கா, அண்ணை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். சின்னவன் பக்கத்தில் நின்று கேட்டான். அவனுக்கு அது எந்தக் குடியியற் பாடத்திலும் கிடைக்காத படிப்பு.

விலைவாசிச் செய்தியைப் பிள்ளைகளுக்கு மறைக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். நானும் முதலில் மறைத்தேன். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து எங்கள் நெல் மஞ்சளாகி நின்றபோது, "ஒண்டுமில்லை, நீங்கள் படியுங்கோ" என்றேன். அவர்களோ இவரின் முகத்தைப் பார்த்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. அன்று இரவு கொப்பியை விரித்து நால்வரும் இருந்தோம். கச்சான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும் மெசினுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர், என் சம்பளத்தில் எவ்வளவு மிச்சம், எதை நிறுத்தலாம். மகள் தன் ரியூசன் வகுப்பில் ஒன்றை விடுகிறேன் என்றாள். விடவேண்டாம், பால்மாவை விடுவோம் என்று முடிவானது. வீட்டில் அதற்குப் பிறகு முகம் பார்த்துப் பயப்படுவது குறைந்தது.

நடப்பதை மறைக்காமல் சொல்லும் இந்தப் பழக்கம் எனக்கு ஐயாவிடமிருந்து வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அண்ணன் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். இரவு பிபிசி தமிழோசை கேட்டு முடிந்ததும் ஐயா எங்களை முற்றத்தில் இருத்தி, கேட்டதை எங்களுக்கு விளங்குகிற மாதிரித் திரும்பச் சொல்லுவார். இடப்பெயர்வு வரும் என்றால் வரும் என்றே சொல்லுவார். நாளைக்கு எதைக் கட்டி வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். போர்க்காலத்துப் பிள்ளைகள் நாங்கள் அந்த முற்றத்தில் பயமில்லாமல் நித்திரை கொண்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஐயாவைப் பின்பற்றவில்லை. 2009 இறுதிப் போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லை. மே மாதம் வந்தால் ரிவியை நிற்பாட்டுவேன். மகள் பதினைந்து வயதில், எங்கோ இருக்கும் யாரோ பின்னணி இசை போட்டுத் தொகுத்த வீடியோவில் அதைத் தனியாகப் பார்த்தாள். நான் அலுவலகத்தில் இருந்த நேரம். இரவு என்னிடம் கேட்கவும் இல்லை. மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோவலன் கொலைப்பட்டதைக் கண்ணகி ஊருக்குள் போய் வந்த ஒருத்தியின் வாயால்தான் கேட்டாள். அவள் கோயில்கொண்ட ஊரில் இருந்துகொண்டு, என் பிள்ளைக்கும் சொந்தத் துயரம் பிறத்தியார் வாயால் வரும்படி விட்டுவிட்டேன். பெரிய பிழை அது.

2025 செப்டம்பரில் வட்டுவாகலில் புதுப் பாலத்துக்கான வேலையை ஜனாதிபதி தொடக்கிவைத்தார். சின்னவன் அதைச் செய்தியாகத்தான் சொன்னான். "அம்மா, புதுப் பாலம் வருகுதாம். இனி மழைக்குப் பயமில்லையாம்." அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் பழைய பாலத்தடிக்குப் போனோம். ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல் வாய். ஐயா முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டுச் செத்து நாலாம் நாள் இந்தப் பாலத்தால் வந்தோம் என்று தொடங்கினேன். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. ஓமந்தை, பிறகு மெனிக் பாம் முகாம், தறப்பாள் கொட்டில், தண்ணீர் வரிசை, ஊருக்குத் திரும்பியபோது கூரை இல்லாத வீடு.

"நான் அப்ப எங்கயம்மா இருந்தனான்?" என்றாள் மகள்.

"என்ர இடுப்பில. ரெண்டு வயசு. தண்ணி தண்ணியெண்டு கேட்டனீ."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான். அதற்கு இரண்டரை மாதம் கழித்து வந்த டித்வா வெள்ளத்தில் அவளின் உயர்தரப் பரீட்சை இடையில் நிற்பாட்டப்பட்டது. திகதி பற்றி நாளுக்கொரு பொய் அறிவித்தல் வந்தபோது, அவற்றை எனக்கு அனுப்பி, "அம்மா, இது உண்மையோ?" என்று கேட்டாள். முன்பென்றால் கேட்டிருக்க மாட்டாள்.

வருகிற மே 18 இல் நீங்களும் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சுவீர்கள். சிரட்டையைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள், யாருடைய கையைப் பிடித்திருந்தீர்கள் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.