குளக்கட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு

"அந்தக் காலத்தில் ஊர் ஒற்றுமையாயிருந்தது" என்று நம் முதியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அது எதனால் ஒற்றுமையாயிருந்தது என்று நாம் கேட்பது குறைவு. நல்ல மனம் மட்டும் காரணமன்று. நல்ல முறையும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வன்னிக் குளக்கிராமங்களில் இருந்த அந்த முறையை இப்பாடத்தில் பார்ப்போம். ஊருக்குத் திரும்பியவர்களுக்கும் திரும்பக் காத்திருப்பவர்களுக்கும் அது பயன்படும்.

குளமே ஊர்

அன்றைய வன்னியில் மக்கள் குறைவு, காடு அதிகம், மலேரியாக் காய்ச்சல் அதைவிட அதிகம். 1902இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை வன்னியினூடாக முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலான கமக்காரர் சிறு குளங்களையே நம்பி வாழ்ந்தனர். மேலே குளம், கீழே வயல், பக்கத்தில் குடிமனை, சுற்றிலும் காடு. மாரி மழை சில மாதங்களே பெய்யும். அந்த நீரைத் தேக்கி வைத்தால்தான் பயிரும் மாடும் மனிதரும் பிழைக்கலாம். கட்டு உடைந்தால் ஒருவருடைய வயல் மட்டும் அழிவதில்லை. ஊரே பட்டினி கிடக்கும். குளக்கட்டில் ஐயனாரை வைத்து வணங்கியதன் பொருள் இதனால் விளங்கும்.

அளந்து வைத்த கடமை

1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நன்மையே. ஆனால் அதனோடு குளங்களைப் பேணும் கடமையும் தளர்ந்தது. பல குளங்கள் தூர்ந்தன. 1856இல் வந்த நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய நீர்ப்பாசன வழமைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது.

போகத்துக்கு முன் கமக்காரர் கூடினர். எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எந்த நாளுக்குள் வேலி அடைத்து முடிப்பது என்று தீர்மானித்தனர். வட்டவிதானை அதை நடைமுறைப்படுத்தினார். துருசு திறப்பது, நீரை முறைப்படி பங்கிடுவது, கட்டு வேலைக்கு ஆட்களை அழைப்பது, தவறியவரைப் பற்றி முறையிடுவது ஆகியன அவர் பணி. அறுவடையில் கமக்காரர் அளந்து கொடுத்த நெல்லே அவரது ஊதியம்.

இதன் அடிப்படை விதி எளிமையானது. வயலில் உமக்கு எவ்வளவு பங்கோ, கட்டில் நீர் போட வேண்டிய மண்ணும் அவ்வளவு. அடைக்க வேண்டிய வேலியும் அவ்வளவு. தண்ணீர் எடுப்பவர் மண் சுமக்க வேண்டும். அருவி வெட்டிலும் சூடு மிதிப்பிலும் ஒருவருக்கொருவர் கைமாறாக உழைத்தனர். இன்று உன் சூடு, நாளை என் சூடு.

வடமத்திய மாகாணச் சிங்களக் கிராமங்களிலும் குளமே வாழ்வு. அங்கே "பெத்ம" என்றொரு வழமை உண்டு. நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் விதைப்பர்; அதை எல்லாப் பங்காளரும் அந்தப் போகத்துக்குப் பிரித்துக்கொள்வர். பஞ்சத்தையும் பங்கிட்டனர் என்பதே இதன் பொருள்.

மறைக்கக் கூடாத குறைகள்

பழமை எல்லாம் பொன்னன்று. கூட்டத்தில் பேசியவர் காணிக்காரர். கூலிக்கு உழைத்தவருக்கும் தாழ்த்தப்பட்ட சாதியினருக்கும் அங்கே குரல் இல்லை. களை பிடுங்கியும் கதிர் அறுத்தும் நெல் தூற்றியும் உழைத்த பெண்களை யாரும் கேட்கவில்லை. அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தபோது நீர் முதலில் அவர் வயலுக்கே பாய்ந்த இடங்களும் உண்டு. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கியது. 2000ஆம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. பெயர் மாறினாலும் வேலை அதுவே.

நாம் செய்யக்கூடியது

போர் 2009இல் முடிந்தது. மக்கள் இல்லாத ஆண்டுகளில் குளக்கட்டுகளில் மரம் முளைத்து வேரோடியது, வாய்க்கால்கள் மூடுண்டன. இயந்திரம் சில வாரங்களில் கட்டை உயர்த்திவிடும். அடுத்த மாரிக்கு முன் அந்தக் கட்டில் பற்றை வெட்டுவது யார்? ஒப்பந்தக்காரர் வரமாட்டார். குளத்தைத் திருத்தினால் போதாது. குளத்தின் முறையையும் திருப்பி எழுப்ப வேண்டும்.

அந்த முறையை அறிந்தவர்கள் முதியவர்களே. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வயலின் பெயர்கூடத் தெரியாது. எனவே தாமதியாமல் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

1. முதியவர்களை இருத்தி, நிலத்தில் ஊரின் படத்தைக் கீறச் சொல்லுங்கள். குளம், துருசு, வான், வாய்க்கால், வயற்பெயர் அனைத்தையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.

2. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பங்கு இருந்தது என்பதைப் பலர் முன்னிலையில் பதிவு செய்யுங்கள். உறுதி தொலைந்தவர்களுக்கு அயலவரின் சாட்சியம் உதவலாம்.

3. கட்டு வேலைக்குரிய விதியை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பெண்களும் காணியற்றோரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

● நம் ஊர்க் குளத்தைப் பேணியவர்கள் யார்? எப்படி?

● பழைய முறையில் எதைக் காப்போம்? எதைக் கைவிடுவோம்?

● நீர் போதாத ஆண்டில், கட்டின் கடைசி வயல்காரருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்?