ஆளைக் குறைசொன்னால் கருத்து பொய்யாகுமா?

கேள்வி: எதிராளியின் குணத்தைப் பேசுவது எப்போது போலி வாதம் ஆகிறது?

பதில்: சொன்ன கருத்தை விட்டுவிட்டு, சொன்னவரின் சாதி, படிப்பு, நடத்தையைக் காட்டி அந்தக் கருத்தே பொய் என்று முடிவுகட்டும்போது. வெறும் வசவு போலி வாதம் அல்ல, மரியாதைக்குறைவு, அவ்வளவுதான். வசவை ஆதாரமாக்கும் இடத்தில்தான் பிழை. விரலிடுக்கில் சிகரெட் புகைய, "புகைபிடித்தால் புற்றுநோய் வரும்" என்கிறார் ஒரு மருத்துவர். "முதலில் நீங்கள் விடுங்கள், டாக்டர்" எனலாம், நியாயம்தான். அதற்காகப் புற்றுநோய் வராமல் போகாது.

மெத்தப் படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1905-இல் இயற்பியல் நோபல் பெற்ற பிலிப் லெனார்ட், ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டை 'யூத இயற்பியல்' என்று ஒதுக்கினார். ஐன்ஸ்டைனின் பிறப்பு அவருடைய சமன்பாடுகளில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது ஒளிமின் விளைவை விளக்கியதற்காக. அந்த விளைவைச் சோதனைகளில் ஆராய்ந்தவர் இதே லெனார்ட்.

நீதிமன்றச் சாட்சி வேறு விஷயம். 'நான் பார்த்தேன்' என்பதற்கு அவர் வாக்கே பிடிமானம். ஆகவே குறுக்கு விசாரணையில் அவர் நம்பத்தக்கவரா என்று துருவுவது முறையே.