அனுப்பினாயா, கொண்டு போனாயா? அன்றாட ஆங்கிலச் சொற்கள்



நம் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த ஒரு தம்பி, ஈப்போவில் வேலை நேர்காணலுக்குப் போனார். முதல் நாள் இரவு அவர் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். தெலுக் இந்தானுக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, விடிய விடியக் கூடவே இருந்தார். காலையில் அக்கா வந்த பிறகுதான் பஸ் ஏறினார். அரை மணி நேரம் தாமதம்.

"ஏன் லேட்?" என்று வெளிநாட்டு அதிகாரி கேட்டார். "ஐ சென்ட் மை மதர் டு ஹாஸ்பிட்டல்" என்றார் தம்பி. "அப்போ அம்மாவோட யார் போனாங்க?" என்று அதிகாரி திருப்பிக் கேட்டதும் தம்பிக்குப் பேச்சே வரவில்லை. இரவெல்லாம் கண் விழித்தவர், அம்மாவைத் தனியே அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர் போல ஆகிவிட்டார். வேலையும் கிடைக்கவில்லை.

பிழை எங்கே? 'சென்ட்' என்றால் அனுப்புவது. நாம் இங்கேயே இருப்போம், பொருளோ ஆளோ மட்டும் போகும். கூடவே போனால் 'டேக்', நடந்து முடிந்ததற்கு 'டுக்'. மலாயில் 'ஹந்தார்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போனதால் வந்த வினை இது. தமிழில் யோசித்திருந்தால் தப்பித்திருக்கலாம். "அம்மாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்", "அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்" என்ற இரண்டையும் நாம் ஒருநாளும் குழப்புவதில்லையே!

"தமிழ்ப்பள்ளியில படிச்சதாலதான் இங்கிலீஷ் வரல" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பாதீர்கள். தமிழில் நன்றாக யோசிக்கத் தெரிந்தவருக்குச் சரியான ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது சுலபம். சில சொற்களைப் பார்ப்போம்.

1. பாரோ, லெண்ட்
பேச்சு மலாயில் இரண்டுக்கும் 'பிஞ்ஜாம்' என்றே சொல்லிவிடுவோம். தமிழில் இரவல் வாங்குவது வேறு, இரவல் கொடுப்பது வேறு. வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'. "கேன் ஐ பாரோ யுவர் பென்?" என்றால் "உங்க பேனாவ நான் வாங்கிக்கலாமா?" "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" என்றால் "உங்க பேனாவ எனக்குக் கொடுப்பீங்களா?" யார் கை நீட்டுகிறார் என்று பாருங்கள், சொல் தானாக வரும்.

2. பிரிங், டேக், ஃபெட்ச்
கொண்டு வா என்றால் 'பிரிங்'. கொண்டு போ என்றால் 'டேக்'. போய்க் கூட்டி வா என்றால் 'ஃபெட்ச்'. தங்கச்சியைக் காலையில் பள்ளிக்குக் கொண்டு போய் விடுவது 'டேக்'. மதியம் போய்க் கூட்டி வருவது 'ஃபெட்ச்'.

3. ஃபாலோ
"ஐ வாண்ட் டு ஃபாலோ யூ" என்று நண்பர் காரில் ஏறப் பார்க்கிறோம். இது மலாய் 'ஈக்கோட்' செய்யும் வேலை. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது. அவர் காருக்குப் பின்னால் நாம் மோட்டார் ஓட்டிப் போனால்தான் அது பொருந்தும். கூட வருவதற்கு, "கேன் ஐ கம் வித் யூ?"

4. ஓப்பன்
"ஓப்பன் தி லைட்" என்பதும் மலாய் 'பூக்கா லம்பு'வின் நிழல்தான். தமிழில் கதவைத் திறக்கிறோம், லைட்டைப் போடுகிறோம். ஆங்கிலத்திலும் கதவுக்கு 'ஓப்பன்', லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்'.

இனி, தமிழே நம்மைச் சறுக்க விடும் இடங்கள்.

5. ஹியர், லிசன், ஆஸ்க்
தமிழில் மூன்றுக்கும் 'கேள்' என்று சொல்லலாம். ஆனால் தமிழிலேயே வழியும் இருக்கிறது. காதில் விழுந்தால் 'ஹியர்'. காது கொடுத்துக் கேட்டால் 'லிசன் டு'. கேள்வி கேட்டால் 'ஆஸ்க்'. "ஐ ஹர்ட் தி டீச்சர், பட் ஐ டிட் நாட் லிசன் டு ஹர்." ஆசிரியர் குரல் காதில் விழுந்தது, நான் கவனிக்கவில்லை. இரண்டும் வேறுதானே?

6. சீ, லுக், வாட்ச்
கண்ணில் பட்டால் 'சீ'. அதற்கென்று திரும்பிப் பார்த்தால் 'லுக் அட்'. நடப்பதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் 'வாட்ச்'. அதனால்தான் பந்து விளையாட்டைத் தொலைக்காட்சியில் 'வாட்ச்' பண்ணுகிறோம்.

எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தில் (1119) பேசும் தேர்வும் கேட்டல் தேர்வும் தனித்தனித் தாள்களாக இருக்கின்றன. எழுதி மட்டும் பழகினால் போதாது. தினமும் இரண்டு பேர் சேர்ந்து பத்து நிமிடம் வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். தப்பு வந்தால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள்.

நாம் ஆங்கிலத்துக்கு அந்நியரும் அல்லர். 'கட்டுமரம்', 'சுருட்டு', 'மிளகுத் தண்ணீர்' எல்லாம் தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்குள் போன சொற்கள். பள்ளி வாசலே பார்க்காத நம் தாத்தா பாட்டிகள், துரைமார் சொன்ன 'பரேட்' என்ற சொல்லைப் 'பெரட்டு' ஆக்கி, அதிகாலையில் அந்தக் களத்தில் நின்று பேர் கொடுத்தார்கள். அவர்கள் அந்தச் சொல்லுக்குப் பயப்படவில்லை. நமக்கு மட்டும் என்ன பயம்?

அந்தத் தம்பி அடுத்த நேர்காணலுக்கு முன் என்னிடம் வந்தார். முதலில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திருத்திக்கொண்டார்: "ஐ டுக் மை மதர் டு ஹாஸ்பிட்டல் அண்ட் ஸ்டேய்ட் வித் ஹர் ஆல் நைட்." நடந்ததை நடந்தபடி சொல்ல அவ்வளவு போதும்.

பயிற்சி: ஆங்கிலத்தில் சொல்லுங்கள்
அ. அக்கா, உங்க குடையக் கொஞ்சம் இரவல் கொடுங்க.
ஆ. அப்பா, நானும் உங்க கூட வரட்டா?
இ. ராத்திரி மழைச் சத்தம் காதுல விழுந்துச்சு.
ஈ. தம்பியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விட்டேன்.

விடை
அ. ப்ளீஸ் லெண்ட் மீ யுவர் அம்ப்ரெல்லா.
ஆ. கேன் ஐ கம் வித் யூ?
இ. ஐ ஹர்ட் தி ரெய்ன் லாஸ்ட் நைட்.
ஈ. ஐ டுக் மை பிரதர் டு ஸ்கூல்.