குடிப்பழக்கமும் சிறுவயதுக் காயங்களும்

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் பற்றி எம்மவர்கள் சங்கக் கூட்டங்களில் தயக்கமின்றிக் கேட்கிறார்கள். குடிப்பழக்கம் பற்றி மட்டும் எவரும் சபையில் கேட்பதில்லை. கூட்டம் முடிந்தபின், கார் நிறுத்துமிடத்தில் வைத்து ஒரு மனைவியோ தமக்கையோ மெல்லக் கேட்பார். "டொக்டர், நல்ல மனுசன். ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விட்டதில்லை. இரவிலை குடிக்காமல் மட்டும் படுக்கமாட்டார். ஏன் இப்பிடி?" அந்த "ஏன்" என்ற கேள்விக்கே இம்முறை பதில் சொல்ல முயல்கிறோம்.

எம்மிடம் வந்த பலரின் கதைகளைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறோம். அடையாளங்கள் யாவும் மாற்றப்பட்டவை. வயது நாற்பதுகளின் நடுப்பகுதி. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பின் அறிகுறி தெரிந்ததால் கூப்பிட்டிருந்தோம். எவ்வளவு குடிப்பீர்கள் என்றதற்கு, "கொஞ்சம்தான் டொக்டர், சனி ஞாயிறிலை" என்றார். ஆறுதலாகக் கதைத்தபோது இரண்டு நாளுக்கு ஒரு போத்தல் விஸ்கி என்று வந்தது. 70 சென்ரிலீற்றர் போத்தல் ஒன்றில் 28 யூனிற் இருக்கிறது. இந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஆணாயினும் பெண்ணாயினும் கிழமைக்கு 14 யூனிற்றைத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்றார்கள். அதாவது ஒரு போத்தல் இரண்டு கிழமைக்கு உரியது. எமது நண்பர் அந்த அளவைப்போல் ஏழு மடங்கு குடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் குடிக்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் தலை குனிவார்கள், அடுத்தமுறை வரமாட்டார்கள். முதன்முதல் குடித்த இரவு அது உங்களுக்கு என்ன உதவி செய்தது என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "அண்டைக்குத்தான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்" என்றார். அதன்பின் மற்றவை வந்தன. தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பது, தடுக்கப் போனால் இவருக்கும் பெல்ற்றால் விழுவது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் மழைக்குள் நடந்தபோது இவருக்கு வயது 14. பதினேழு வயதில் ஏஜென்சிக்காரனுடன் தனியே அனுப்பப்பட்டு, தெரியாத நாடுகளின் பூட்டிய அறைகளில் மாதக்கணக்கில் காத்திருந்து இலண்டன் வந்து சேர்ந்தார். இவற்றை மனைவிக்குக்கூட முழுமையாகச் சொன்னதில்லை.

சிறுவயது அனுபவத்துக்கும் வளர்ந்தபின் வரும் இத்தகைய பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பு, எதிர்பாராத ஓரிடத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வைத்தியர் வின்சென்ற் ஃபெலிற்றி 1980களில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்திவந்தார். எடை நன்றாகக் குறைந்துவந்தவர்களே இடையில் சிகிச்சையை விட்டுவிட்டுப் போனார்கள். அவருக்கு இது புதிராக இருந்தது. விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானவர்கள் எனத் தெரிந்தது. சாப்பாடு அவர்களுக்கு ஆறுதலாகவும், பருத்த உடம்பு சிலருக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கிறது. வைத்தியர் நோய் என்று கண்டதை அவர்கள் மருந்தாக வைத்திருந்தார்கள்.

பின்னர் ஃபெலிற்றியும் ஆய்வாளர் றொபேட் அண்டாவும் 17,000க்கும் அதிகமானோரிடம் அவர்களது பிள்ளைப்பராயம் பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் துன்புறுத்தல், இழிவுபடுத்தும் பேச்சு, தாய் அடிவாங்குவதைக் காண்பது, வீட்டில் குடிகாரர் இருப்பது போன்றவை அந்தக் கேள்விகளில் இருந்தன. முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. இத்தகைய அனுபவம் எதுவுமே இல்லாதவர்களுடன் ஒப்பிடுகையில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அனுபவங்கள் உள்ளவர்களுக்கு மதுப்பழக்கம், போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. அவர்கள் யுத்தம் பற்றிக் கேட்கவேயில்லை. கலிபோர்னியாவில் கேட்கத் தோன்றியிராது.

எமது பிள்ளைகளிடம் அதையும் கேட்டவர்கள் உண்டு. ஜேர்மனியில் பணிபுரியும் உளவியலாளர் கிளவுடியா கற்றானியும் குழுவினரும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. யுத்த அனுபவம் ஒன்றாவது இருந்தவர்கள் 82.4 வீதம். வீட்டுக்குள் வன்முறையோ கொடுமையோ ஒருமுறையாவது கண்டவர்கள் 95.6 வீதம். குண்டைவிட வீடு முந்திவிட்டது! வீட்டு வன்முறைக்குக் காரணமானவற்றுள் யுத்த அனுபவத்தோடு தகப்பனின் குடியும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பாதிக்கிறது என்று தொடர்ந்து எழுதிவந்தவர். அந்தக் குடும்பங்களில் ஒரு பகுதிதான் இன்று ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூற்றிங்கிலும் இருக்கிறது.

உடம்பில் நடப்பது என்ன? ஆபத்து வரும்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகள் கூடி, ஓடவோ எதிர்க்கவோ உடலை ஆயத்தம் செய்கின்றன. ஆபத்து நீங்கியதும் அவை அடங்கவேண்டும். வளரும் வயதில் நாளாந்தம் பயத்தோடு இருக்கும் பிள்ளைக்கு அவை ஒழுங்காக அடங்குவதில்லை. வீட்டு அலாரம் பூனை போனாலும் அடிப்பதுபோல், கதவு சாத்தும் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். மதுபானம் அந்த அலாரத்தைச் சில மணிநேரம் நிறுத்திவைக்கிறது. மது இறங்கும் அதிகாலையில் அது முன்னரிலும் பலமாக அடிக்கிறது. மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடத் தேவைப்படுகிறது. பெற்றிங் கடையும் கைத்தொலைபேசிச் சூதாட்டமும் வேறு வழியில் இதே ஆறுதலைத் தரக்கூடும். ஓய்வு நாளில் சும்மா இருக்க முடியாமல் இரண்டு மூன்று வேலை செய்பவரிடமும் சிலவேளை இதைக் காண்கிறோம். அவரை நாம் "கெட்டிக்காரன்" என்று புகழ்கிறோம். (பொருளாதாரத் தடைக் காலத்தைக் கண்ட அம்மா ஐந்து மூடை அரிசி வாங்கி வைத்தால் அதை வருத்தம் என்று சொல்லிவிடாதீர்கள்.)

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிவாங்கி வளர்ந்தவர்கள் எல்லோரும் குடிகாரர் ஆவதில்லை, பெரும்பான்மையானோர் ஆகவில்லை. பரம்பரை, மனநோய், வேலை, தனிமை எல்லாம் சேர்ந்தே இப்பழக்கம் வருகிறது. அன்பான ஒரு பேத்தியாரோ ஆசிரியரோ அருகில் இருந்தது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஒருவரின் சிறுவயதுத் துன்பங்களை எண்ணிப் புள்ளி போட்டு அவருடைய எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதை அண்டாவே 2020இல் எழுதினார். குடித்துவிட்டு மனைவியை அடிப்பவருக்கு இது சாட்டும் ஆகாது. ஆனால் "அடியாத மாடு படியாது" என்று பிள்ளைக்குக் கை ஓங்கும் பெற்றோருக்கு நாம் சொல்வது, அந்தப் பழமொழியை விட்டுவிடுங்கள் என்பதே. ஸ்கொட்லாந்தில் 2020இலும் வேல்ஸில் 2022இலும் பிள்ளையை அடிப்பது சட்டப்படி தடுக்கப்பட்டது.

நிறுத்த விரும்புவோர் ஒன்றைக் கட்டாயம் அறியவேண்டும். கந்தசஷ்டிக்கோ கோயில் திருவிழாவுக்கோ நேர்ந்து, நாளாந்தம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்திவிடுவதுண்டு. வீட்டாருக்கு மகிழ்ச்சி. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து மனம் குழம்பலாம். உயிரே போகக்கூடிய நிலை இது. விரதத்தைக் குறை சொல்லவில்லை. அதற்குச் சில கிழமைகள் முன்பே குடும்ப வைத்தியரிடம் வாருங்கள். மருந்துடனும் வைற்றமின் பி1 உடனும் படிப்படியாக நிறுத்தலாம். வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் 999ஐ அழையுங்கள்.

இலண்டனின் எல்லாப் பகுதிகளிலும் மது, போதைப்பொருள் சிகிச்சைச் சேவை உண்டு. பெரும்பாலும் வைத்தியரின் கடிதமின்றி நேரே போகலாம். குடி ஓரளவு அடங்கியபின் பழைய காயத்துக்கான உளச்சிகிச்சையையும் கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர்கள் திரும்பவும் வருவதை நாம் பார்க்கிறோம். நீங்கள் சொல்வதை வைத்தியர் மனைவிக்கோ சங்கத்துக்கோ சொல்லமாட்டார். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் உரியவர்களுக்கு அறிவிக்கவேண்டிய கடமை அவருக்கு உண்டு.

மேலே சொன்ன நண்பர் முதல் தடவை நான்கு மாதம் நிறுத்தி, தாயின் செத்தவீட்டோடு மீண்டும் தொடங்கினார். இரண்டாம் தடவை இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆரம்பத்தில் அவர் மொழிபெயர்க்கவென்று பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிவந்தார். பிள்ளையை வெளியே இருத்திவிட்டு நாம் தமிழில் கதைத்தோம். தமிழ் தெரியாத வைத்தியரிடம் போகிறவர்கள், நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதற்குக் காசில்லை. பிள்ளையைக் கூட்டிச் செல்லாதீர்கள். அந்த மகள் பின்னொரு நாள் இருமலுக்கென்று வந்து, அப்பா திரும்பவும் குடிப்பாரா என்றுதான் கேட்டாள். பெற்றோர் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் தம் பெயரைச் சொல்லாமலே கதைக்க 'நகோவா' என்ற அமைப்பின் இலவசத் தொலைபேசி இருக்கிறது: 0800 358 3456. எந்தக் கவலைக்கும் 'சைல்ட்லைன்': 0800 1111. இரண்டையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தோம்.