நோட் நிக்கலையா? முதல்ல ஆம்பை ஆஃப் பண்ணு!

எலெக்ட்ரிக் கிட்டார்ல ஒரு நோட்டை அடிச்சா அது நின்னு பேசணும். நீ பெண்ட் பண்ணி வைப்ராட்டோ கொடுக்கிறதுக்குள்ள பொசுக்குனு அடங்கிப்போனா, வாசிக்கவே மனசு வராதுதான். அதுக்காகப் பிக்கப்பை மாத்தணும், வேற கிட்டார் வாங்கணும்னு உடனே அப்பாகிட்ட போய் நிக்காதே தங்கச்சி. ஸஸ்டெயின் குறையிற கிட்டார்ல பெரும்பாலும் கோளாறு ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஆலன் கீ, ஒரு புது செட் கம்பிக்குள்ள முடிஞ்சிடும். எங்கே கோளாறுன்னு கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேணும்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. கம்பியை மீட்டுற அந்த ஒரு நொடியில நீ கொடுக்கிற பலம்தான் அதுக்கு மொத்தக் கையிருப்பு. அப்புறம் அதுக்கு எதுவும் சேராது, கசியத்தான் செய்யும். கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில நாலு அங்குல சதுர பைன் கட்டையில கம்பி கட்டிப் பார்த்ததும் இதுக்காகத்தான். உடம்பு அசையாம கெட்டியா இருந்தா கம்பியோட பலம் கம்பியிலேயே தங்கும்னு அவர் நம்பினார். உன் கிட்டார்ல அந்தப் பலம் எந்த வழியா கசியுதுன்னு தேடணும்.

ஆம்பை ஆஃப் பண்ணிடு, பெடலையெல்லாம் கழட்டிடு. ஃபேன் சத்தம் இல்லாத ரூம்ல உட்கார்ந்து, கிட்டாரோட கட்டையில காதை வெச்சு ஒவ்வொரு கம்பியா மீட்டு. அப்படிக் கேட்கிறப்போ நல்லா நின்னு ஒலிக்குது, ஆம்ப்ல போட்டா மட்டும்தான் சீக்கிரம் அறுந்துபோகுதுன்னா, கம்பியிலயோ கட்டையிலயோ குறை இல்லை. நாய்ஸ் கேட் பெடல் இருந்தா அதோட த்ரெஷோல்டைக் குறை. அது அதிகமா இருந்தா நோட்டோட வாலை வெட்டிடும். ஆக்டிவ் பிக்கப்னா 9 வோல்ட் பேட்டரியை மாத்திப் பாரு.

கட்டையிலயே சத்தம் நிக்கலைன்னா, எங்கெங்கே சாகுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சுக்கோ. எல்லாக் கம்பியும் எல்லா இடத்துலயும் மந்தமா இருக்கா? கம்பி பழசாயிடுச்சு. ஓப்பனா மீட்டினா மட்டும் சாகுது, ஃப்ரெட்டுல அழுத்தினா சரியா இருக்கா? நட்டைப் பாரு. ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டுல மட்டும் இரைச்சலோட அடங்குதா? அதுக்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிக்குது. மேல் ஃப்ரெட்டுகள்ல மெல்லிய கம்பி சீக்கிரம் அடங்குறது இயல்பு. அதைத் தடிச்ச ஈ கம்பியோட ஒப்பிட்டுக் கவலைப்படாதே.

கம்பிக்கு வருவோம். தடிச்ச கம்பிகள்ல சுத்துக் கம்பியோட இடுக்குல வியர்வையும் தோலழுக்கும் போய் அடைஞ்சுக்கும். கம்பி கனமாகி, வளையிறதே சிரமமாகிடும். கடலோர ஊர்ல உப்புக்காத்து வேற சேர்ந்து மெல்லிய கம்பியைத் துருப்பிடிக்க வெச்சுடும். கம்பிக்கு அடியில நகத்தை ஓட்டிப் பாரு. ஃப்ரெட் படுற இடத்துல பள்ளம் தட்டுப்பட்டா தயங்காம மாத்திடு. புதுசு போடும்போது ட்யூனர் தண்டுல ரெண்டு மூணு சுத்து, ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம கீழ்நோக்கி இறங்கட்டும். ட்யூன் பண்ணின பிறகு, சேடிலுக்கு முன்னால கம்பியைக் கட்டைவிரலால மெதுவா ஒரு அழுத்து அழுத்து. அந்த இடத்துல கம்பி வளைவா நிக்காம சுருக்குனு மடிஞ்சு உட்காரணும். பல பேர் விட்டுடுற வேலை இது.

அடுத்து ஆக்‌ஷன். வேகமா வாசிக்கணும்னு கம்பியை ஒரேயடியா இறக்கிட்டா அது ஃப்ரெட்டுல உரசி உரசியே பலத்தை இழந்துடும். ஸ்ட்ராட் மாதிரி கிட்டார்ல 17-வது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி 1.6 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கிறது பொதுவான அளவு. நெக்கோட வளைவைப் பார்க்க, தடிச்ச கம்பியை முதல் ஃப்ரெட்டுலயும் நெக் உடம்போட சேர்ற இடத்துலயும் அழுத்திக்கிட்டு 8-வது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாரு. கால் மில்லிமீட்டர் இருந்தா போதும். ஒட்டிக்கிட்டிருந்தா ட்ரஸ் ராடை இடப்பக்கமா கால் சுத்துக்கும் குறைவா தளர்த்து, திரும்ப ட்யூன் பண்ணிப் பாரு. இறுகிக்கிட்டா பலம் போட்டுத் திருகாதே.

ஸ்ட்ராட் வெச்சிருக்கிறவங்க ரொம்ப கவனிக்க வேண்டியது பிக்கப் உயரம். சத்தம் அதிகம் வரட்டும்னு பிக்கப்பை மேலே ஏத்திடுவாங்க. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்புல கம்பிக்குக் கீழே இருக்கிற ஆறு துண்டுகளுமே காந்தம். கம்பியோ இரும்பு. காந்தம் கிட்ட வந்தா கம்பியைப் பிடிச்சு இழுக்கும், ஆட்டம் சீக்கிரம் நின்னுடும். அடையாளம் சுலபம்: தடிச்ச ஈ கம்பியை 12-வது ஃப்ரெட்டுக்கு மேல அழுத்தி வாசிச்சா சுருதி தடுமாறி, ஒரே நோட் ரெண்டா கேட்கும். மூணு பிக்கப்பையும் நல்லா இறக்கிவிட்டு அதே நோட்டை வாசி. தெளிவாகிட்டா உன் பிரச்சினை இதுதான். பிறகு கம்பியைக் கடைசி ஃப்ரெட்டுல அழுத்திக்கிட்டு, காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவுல தடிச்ச பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சு, காது சொல்றபடி ஏத்தி இறக்கு. ஹம்பக்கர்ல காந்தம் அடியில இருக்கிறதால இந்த இழுப்பு குறைவு.

நெக்கைப் பிடிச்சிருக்கிற நாலு ஸ்க்ரூவும் இறுக்கமா இருக்கான்னு பாரு. மிதக்கிற ட்ரெமலோ பிரிட்ஜ்னா, பின்பக்கம் பிளாக்குக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு மரத்துண்டைச் செருகி அசையாம நிறுத்திட்டு வாசி. நோட் நீண்டுதுன்னா பலம் ஸ்ப்ரிங்குல போகுதுன்னு அர்த்தம்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் ஜி கம்பியில 5-லருந்து 7-வது ஃப்ரெட்டுக்குள்ள ஒரே ஒரு நோட் மட்டும் இரைச்சலே இல்லாம செத்துப்போகுதா? அதுக்கு டெட் ஸ்பாட்னு பேரு. நெக்குக்குன்னு இயற்கையா ஒரு அதிர்வு உண்டு. நோட்டோட அதிர்வு அதோட ஒத்துப்போனா நெக் ஆட ஆரம்பிச்சு கம்பியோட பலத்தை உறிஞ்சிடும். ஜெர்மனியில ஹெல்முட் ஃப்ளைஷர்ங்கிற ஆராய்ச்சியாளர் இதை அளந்தே காட்டியிருக்கார். ஹெட்ஸ்டாக்ல ஒரு சின்ன கிளாம்ப்பை, நடுவுல துணி வெச்சு மாட்டிப் பாரு. கனம் கூடினதும் செத்த இடம் நகர்ந்துபோகும். விலை உயர்ந்த கிட்டார்லயும் இது இருக்கு, அதனால ஏமாந்துட்டோம்னு வருத்தப்படாதே. அந்த நோட்டை வேற கம்பியில வாசிக்கலாம். நல்ல கலைஞர்கள் அப்படித்தான் செய்றாங்க.

நட்டுல பள்ளம் ஆழமாயிட்டாலோ ஃப்ரெட் தூக்கி நின்னாலோ நீயா அரம் எடுக்காதே மா, ராவினது திரும்ப வராது. குறிச்சு வெச்ச அந்தப் பேப்பரோட கிட்டார் செட்டப் பண்றவர்கிட்ட போ. "ஸஸ்டெயின் இல்லை"ன்னு பொதுவா சொல்லாம, எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், இரைச்சல் இருக்கா இல்லையான்னு சொல்லு. அவர் பிக்கப் மாத்தணும்னு ஆரம்பிச்சா, முதல்ல அந்த இடத்தை வாசிச்சுக் காட்டச் சொல்லு.